கரும்பே இல்லாத ஊரில் 'கரும்புக்காடு' எங்கிருந்து வந்தது?

"என் பாட்டி பினாங்கு மாநிலத்து நிபோங் திபால், பைராம் தோட்டத்தில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது 'கரும்புக்காட்டுப் பக்கம் போகாதே, வாய்க்கால்ல விழுந்துடுவே' என்று திட்டு வாங்கிய கதையை அடிக்கடி சொல்வார். போன மாதம் நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு கரும்புகூட இல்லை, எல்லாம் செம்பனை (எண்ணெய்ப்பனை). அதற்கு முன்னால் ரப்பர் என்கிறார்கள். பாட்டிக்கு ஞாபகம் தடுமாறுகிறதா? பைராம் என்பது என்ன பெயர்? தோட்டம்தான் வளர்ந்து ஊரானதா?" கோலாலம்பூரில் வளர்ந்த ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்.

தம்பி, பாட்டியின் ஞாபகத்தில் பிசகு ஒன்றும் இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே கரும்பு அழிந்துவிட்டது. ஆனால் தோட்டத்தில் ஒரு காட்டுக்கு, அதாவது ஒரு பயிர்ப் பகுதிக்கு, பெயர் விழுந்துவிட்டால் அது லேசில் போகாது. நான் நிபோங் திபாலுக்குப் பக்கத்து ஊரான ஜாவிப் பக்கம், தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) பிறந்தவன், இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். எங்கள் தோட்டத்திலும் பலா மரமே இல்லாத ஒரு 'பலாமரத்துக் காடு' இருந்தது. பாட்டி சொன்னதில் நீங்கள் கவனிக்க வேண்டியது கரும்பை விட வாய்க்காலை. அது இன்னமும் அங்கேதான் கிடக்கிறது, நீங்களும் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். ஊரின் கதை அதிலிருந்து தொடங்குகிறது.

முதலில் ஊர்ப்பெயர். நிபோங் என்பது சேற்று நிலத்து ஓரங்களில் கொத்துக்கொத்தாக வளரும் முள் பனை. அதன் தண்டைப் பிளந்தால் தரைக்கு வரிச்சு ஆகும், கடலில் மீன் பிடிக்க நடும் கழியாகும், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் மக்காது. திபால் என்றால் தடிப்பு, அடர்த்தி. ஆக, நிபோங் அடர்ந்து நின்ற இடம். கிரியான் ஆற்றங்கரை அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். இந்த ஆற்றை ஒட்டித்தான் பினாங்கு, கெடா, பேராக் மூன்றும் ஒன்றையொன்று தொடுகின்றன. இந்தப் பக்கம் நிபோங் திபால், ஆற்றோடு கொஞ்சம் மேலே போனால் ஒரு கரையில் கெடாவின் பண்டார் பாரு, எதிர்க்கரையில் பேராக்கின் பாரிட் புந்தார். சந்தைக்கு ஒரு மாநிலம், சினிமாவுக்கு ஒரு மாநிலம் என்று எங்கள் ஆட்கள் சைக்கிளிலேயே சுற்றியிருக்கிறார்கள்.

1800-இல் கெடா சுல்தானிடமிருந்து பிரிட்டிஷார் இந்தப் பெருநிலத்தை வாங்கி, அப்போது இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லியின் பெயரால் 'புரோவின்ஸ் வெல்லெஸ்லி' என்றார்கள், இன்றைய செபராங் பிறை. நம் பெரியவர்கள் வாயில் அது 'புறவின்ஸ்' ஆனது. பிறகு எல்லை தெற்கே நகர்ந்து கிரியான் ஆறு வரை வந்தது. 1874-இல் பிரிட்டிஷார் பேராக்கோடு செய்த பங்கோர் ஒப்பந்தத்தின்போது ஆற்றுக்குத் தெற்கே ஒரு துண்டு நிலமும் பேராக்கிலிருந்து இந்தப் பக்கம் சேர்ந்தது. அந்தத் துண்டில் உள்ள தோட்டத்தின் பெயரைப் பாருங்கள்: டிரான்ஸ்கிரியான், கிரியானுக்கு அக்கரை என்று அர்த்தம். துரைமார்கள் எந்தக் கரையில் நின்றுகொண்டு பெயர் வைத்தார்கள் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

சரி, கரும்பு. முதலில் பயிரிட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பத்து காவான் பக்கம் தியோச்சியூ சீனர்கள் கரும்பு போட்டு, எருமை கட்டி ஆலை சுற்றிச் சர்க்கரை காய்ச்சினார்கள். 1840-களில் இந்தப் பகுதிச் சர்க்கரைக்குப் பிரிட்டனில் வரிச்சலுகை கிடைத்ததும் ஐரோப்பியர்கள் பணத்தோடும் நீராவி இயந்திரத்தோடும் இறங்கினார்கள். மேற்கிந்தியத் தீவுகளிலும் மொரீஷியஸிலும் பழகிய முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தார்கள்.

இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பதற்குப் பதில் அந்த முறையில்தான் இருக்கிறது. கரும்புக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் வேர் தண்ணீரில் நிற்கக்கூடாது. செபராங் பிறையின் தென்கோடியோ கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் களிமண். கடல் ஏறினால் ஆறு ஏறும், ஆறு ஏறினால் நிலத்தில் உப்புத் தண்ணீர் புகும். அதனால் முதல் வேலை காட்டை வெட்டுவது, இரண்டாவது வேலை கரை கட்டுவது, மூன்றாவது வேலை மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டுவது. பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து இன்னும் சின்னக் கிளை. வாய்க்கால் ஆற்றைச் சேரும் வாயில் ஒரு மதகு. தண்ணீர் ஏறும் நேரத்தில் ஆற்றின் அழுத்தத்தில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். தண்ணீர் இறங்கும்போது உள்ளே தேங்கியது கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். சின்ன வயதில் நாங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். கதவு திறக்கப்போகிறது என்றால் முதலில் ஓரத்தில் ஒரு கோடு மாதிரி சேறு கசியும், அப்புறம் மரம் முனகும், அப்புறம்தான் தண்ணீர். கெளுத்தி மீன்களுக்கு அந்த நேரம் எப்படித்தான் தெரியுமோ, கதவுக்கு இந்தப் பக்கம் தயாராக வந்து நிற்கும்.

அந்த வாய்க்காலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வெட்டிய கரும்பை உடனே ஆட்ட வேண்டும், வைத்திருந்தால் சர்க்கரைச் சத்து குறையும். மழை பெய்த களிமண்ணில் மாட்டு வண்டி அச்சு வரை புதையும். அதனால் கரும்பைத் தட்டைப்படகில் ஏற்றி வாய்க்கால் வழியாகவே ஆலைக்கு இழுத்தார்கள். ஆலையில் காய்ச்சிய சர்க்கரை ஆற்று வழியாகக் கடலுக்கு, அங்கிருந்து தொங்காங் என்ற சரக்குப் படகில் பினாங்குத் துறைமுகத்துக்கு. ஆலைக்கு வேண்டிய பாக்காவ் (அலையாத்தி மர) விறகும் அரிசியும் ஆளும் அதே தண்ணீர் வழியாகவே உள்ளே வந்தன. சாலை அப்புறம் வந்தது, ரயில் அதற்கும் அப்புறம். ஆறும் வாய்க்காலும் சேர்ந்துதான் இந்தத் தோட்டங்களுக்கு ரோடு. உங்கள் பாட்டி விழுந்துவிடக்கூடாது என்று பயந்தார்களே, அந்த வாய்க்கால் ஒரு காலத்தில் கரும்புப் படகு போன வழியாக இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

வெட்டியது யார்? காடழிப்பிலும் வாய்க்கால் வேலையிலும் சீனக் குத்தகைக் கூலிகளும் இருந்தார்கள். ஆனால் கரும்புக்காட்டில் களை எடுத்து, வெட்டி, சுமந்ததில் பெரும்பங்கு நம் ஆட்களுடையது. நம் வீடுகளில் தோட்டக் கதை எப்போதும் ரப்பரில்தான் தொடங்கும்: விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பால்வெட்டும் உளி, பால் பிடிக்கும் மங்கு, பால் வாளி. மேடைப் பேச்சிலும் அப்படித்தான். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. ரப்பருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1830-களிலிருந்தே, தமிழ்க் கூலிகள் புறவின்ஸ் கரும்புத் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறையின் முதல் பட்டறை இந்தச் செபராங் பிறைதான்.

நாகப்பட்டினத்தில் ஏஜெண்டு ஆள் சேர்ப்பார். கப்பல் செலவு கூலியின் தலையில் கடனாக ஏறும். பினாங்கில் இறங்கியதும் தோட்டத்துக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒப்பந்தம் முடியும் வரை வேலையை விட்டுப் போனால் அது குற்றம், பிடித்தால் சிறை. 1870-களின் தொடக்கத்தில் புறவின்ஸ் தோட்டங்களில் கூலிகள் அடிபட்டும் நோயிலும் செத்த செய்தி வெளியே வந்து, அரசாங்கமே விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. 1872-இல் இந்திய அரசாங்கம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஆள் அனுப்புவதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். களிமண் காட்டில் மலேரியாவும் பேதியும் சட்டம் படித்துவிட்டு வருவதில்லை. இந்த முறை 1910-இல்தான் முடிவுக்கு வந்தது.

இனி பைராம். இதைக் கேட்டதற்காகவே உங்களுக்கு ஒரு தேநீர் வாங்கித் தரலாம். நான் ரொம்ப நாள் அது யாரோ பைராம் கான் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பைராம் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் உள்ள ஓர் ஊர். ராம்ஸ்டன் என்ற பிரபு குடும்பத்துக்கு அங்கே மாளிகை, அவர்களுடைய பட்டத்திலேயே 'பைராமின்' என்று வரும். இந்த வட்டாரத்தின் பெரிய கரும்புத் தோட்டங்களை முதலில் சேர்த்தவர்களில் ஒருவர் எட்வர்ட் ஹார்ஸ்மன், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், அயர்லாந்துக்கு அரசுத் தலைமைச் செயலராகவும் இருந்தவர். அவர் கட்டியது சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டனின் சகோதரியை. தோட்டங்கள் மைத்துனன் குடும்பத்துக்குப் போயின, கூடவே ஊர்ப்பெயரும் கப்பலேறி வந்தது. அந்தக் குடும்பத்துக்கு இங்கிலாந்தில் ஹட்டர்ஸ்ஃபீல்டு என்ற ஆலை நகரத்தின் பெரும்பகுதி நிலமும் சொந்தமாக இருந்தது. 1920-இல் அந்நகராட்சியே காசு கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. அங்கே ஊர்க்காரர்கள் ஊரை வாங்கினார்கள். நம் லயத்துக்காரர்களுக்கு அப்படி ஒரு யோசனையே வந்திருக்காது. அவர்கள் படுத்திருந்த பலகையும் துரையுடையது.

மற்ற பெயர்களும் இப்படியே. கலிடோனியா என்பது ஸ்காட்லாந்துக்கு ரோமானியர் வைத்த பெயர். வால்டோர் பிரெஞ்சு, பொன் பள்ளத்தாக்கு என்று பொருள், ஆனால் அங்கே பொன்னும் கிடையாது, பள்ளத்தாக்கும் கிடையாது, தட்டையான நிலம். இந்தப் பெயர்கள் எல்லாம் இன்று பிழைத்திருப்பது பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளால்தான்: பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி, டிரான்ஸ்கிரியான் தோட்டத் தமிழ்ப்பள்ளி, வால்டோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி. யார்க்‌ஷயர் பிரபுவின் ஊர்ப்பெயரைத் தமிழ்ப் பிள்ளைகள் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போகிறார்கள்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். தோட்டம்தான் வளர்ந்து ஊரானதா? கேட்க அழகாக இருக்கிறது, நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படியில்லை. தோட்டம் தன் எல்லைக்குள் ஊர் வளர விடாது. லயம், ஆயாக்கொட்டகை (குழந்தைகள் காப்பகம்), கிராணி (எழுத்தர்) வீடு, மருந்துக்கொட்டகை, கோயில், கள்ளுக்கடை, எல்லாம் கம்பெனி நிலம். வேலை போனால் வீடும் போகும். ஆக, தோட்டங்களுக்கு நடுவே, யாருடைய தோட்டமும் இல்லாத ஆற்றோரத் துண்டில்தான் கடைகள் முளைத்தன. சீனர் மளிகைக் கடை, இந்திய முஸ்லிம் ஜவுளிக்கடை, வட்டிக்கடை, போலீஸ் நிலையம். நிபோங் திபால் தோட்டத்தின் பிள்ளை என்பதை விட, சம்பள நாளின் பிள்ளை என்றால் பொருந்தும். பக்கத்துச் சுங்கை பக்காப் வேறு மாதிரி. அங்கே கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சியூ கரும்பு முதலாளியே கடைத்தெரு கட்டி ஊரை உண்டாக்கினார். அதைத் தோட்டக்காரர் கட்டிய ஊர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

சம்பள நாளை நான் பார்த்திருக்கிறேன், கரும்புக் காலத்தில் அல்ல, ரப்பரின் கடைசிக் காலத்தில். அப்பா சைக்கிளின் முன்கம்பியில் நான், பின்னால் கோணிப்பை. மளிகைக் கடைக்காரர் எல்லாருக்கும் 'தவுக்கே'தான், முதலாளி என்று அர்த்தம். மேசை டிராயரை இழுத்து, ரப்பர் வளையம் போட்ட மூணு அஞ்சு புத்தகக் கட்டை எடுப்பார். மேலே 555 என்று அச்சடித்த குட்டி நோட்டு, ஒரு குடும்பத்துக்கு ஒன்று. எங்கள் நோட்டில் அப்பா பெயர் சீன எழுத்தில் இருந்தது, எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், நெத்திலி என்று மலாயும் தமிழும் கலந்து வாசித்துக்கொண்டே போவார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். காசைக் கொடுத்ததும் பழைய பக்கத்தில் ஒரு கோடு. அடுத்த வரியிலேயே புதுக் கடன் தொடங்கும். அம்மா நம்பாமல் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் தனிக் கணக்கு வைத்திருந்தார். இரண்டு கணக்கும் ஒரு மாதமாவது ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை.

கரும்பு ஏன் போனது? ஐரோப்பாவில் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்துக் குவித்ததில் விலை விழுந்தது. அதே நேரம் மோட்டார் வண்டிக்கு டயர் வேண்டி ரப்பர் விலை வானத்துக்கு ஏறியது. 1910 வாக்கில் உச்சம். ஒப்பந்தக் கூலி முறையும் அப்போதே முடிகிறது. பத்தாண்டுக்குள் கரும்பு இருந்த இடத்தில் ரப்பரும் தென்னையும் நின்றன. வாய்க்காலை யாரும் மூடவில்லை, ரப்பருக்கும் வேரில் தண்ணீர் ஆகாது. ஆனால் படகு தேவைப்படவில்லை. ஒருநாள் பிந்தினால் கட்டிய ரப்பர் ஷீட் ஒன்றும் கெட்டுப்போகாது, வண்டியில் ஏற்றி ஸ்டேஷனுக்கு அனுப்பலாம். 1903-க்குள் பிறையிலிருந்து சிரம்பான் வரை தண்டவாளம் இணைந்துவிட்டது, நடுவில் நிபோங் திபாலுக்கும் ஸ்டேஷன். அன்றிலிருந்து ஊர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. முகம் ரயிலுக்கும் பெரிய சாலைக்கும். ஆற்றங்கரையில் மிஞ்சியது மீன் படகும் ஆற்று இறாலும்தான்.

கலிடோனியாவில் ராம்ஸ்டன் குடும்பத்தின் பெரிய பங்களா இன்றும் செம்பனைக்குள் இடிந்து நிற்கிறது. '99 கதவு வீடு' என்று ஊரே சொல்லும். அந்தக் குடும்பத்தின் பின்தலைமுறை ஜான் ராம்ஸ்டன் 1948-இல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்கப் பிரிட்டிஷார் அவசரகாலம் அறிவித்ததும் அதே ஆண்டுதான். இதற்குப் பிறகு பேய்க்கதைகள். வார இறுதியில் கேமராவோடு பையன்கள் கதவு எண்ணப் போகிறார்கள். எனக்கு அந்தப் பேய்களில் அக்கறை இல்லை. கதவு 99 என்று எல்லாருக்கும் தெரிகிறது, அந்தத் தோட்டத்து லயத்தில் எத்தனை வீடு என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது.

லயத்து ஆட்கள் ஊர்க்காரர்களானது அதற்கும் பிறகு, அவர்கள் விரும்பியும் அல்ல. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் பலர் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பெரியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதைத் தடுக்கத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். நிபோங் திபாலிலிருந்தே தமிழ் முதலாளி ஒருவரும் எழுந்தார், டான்ஸ்ரீ என்.டி.எஸ். ஆறுமுகம் பிள்ளை. அவர் பெயரில் இங்கே தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, நம் பையன்கள் நிறையப் பேர் வெல்டிங்கும் மின்வேலையும் அங்கே கற்றவர்கள்.

அப்புறம் செம்பனை. ரப்பருக்கு வேண்டிய ஆளில் பாதிகூட அதற்கு வேண்டாம், அதுவும் குத்தகை ஆள் போதும். எங்கள் லயத்தைக் காலி செய்யச் சொன்ன கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. கிராணி மகன்தான் வாசித்துச் சொன்னான். அம்மா முதலில் கேட்டது, "கோழிகளை என்ன செய்யுறது?" அப்படித்தான் ஒவ்வொரு குடும்பமாக நிபோங் திபால், ஜாவி, சுங்கை பக்காப் ஊர்களின் தாமான்களுக்கு (வீட்டுக் குடியிருப்புகளுக்கு) வந்து சேர்ந்தது. தொழிற்சாலை பஸ் வாசலில் வந்து நின்றது. 2001-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் டிரான்ஸ்கிரியான் பக்கம் வந்தது, 2014-இல் பத்து காவானிலிருந்து தீவுக்கு இரண்டாவது பாலம். நில விலை எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது.

ஆற்றுக்கும் மறுபடி கொஞ்சம் ஆள் வருகிறது. இரவில் படகு ஏறிப் போனால் கரையோரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினிப் பூச்சிகள் சேர்ந்து விட்டுவிட்டு எரியும். டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். நானும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன், நன்றாகத்தான் இருந்தது. கடலோரத்தில் பைராம் பெயரில் ஓர் அலையாத்திக் காடும் இருக்கிறது. பினாங்கின் குப்பையெல்லாம் போய்ச் சேரும் புலாவ் பூரோங்கும் அந்தப் பக்கம்தான். காற்று திரும்பினால் இரண்டும் ஒன்றாக மணக்கும்.

பாட்டிக்கு நடக்க முடிந்தால் ஒருமுறை கூட்டிக்கொண்டு வாருங்கள். தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து வர வேண்டும், ஏறும் நேரத்தில் வந்தால் மதகும் தெரியாது, வாய்க்காலின் பழைய கரையும் தெரியாது. பைராம் தமிழ்ப்பள்ளியை அடையாளம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அங்கிருந்து எந்தப் பக்கம் கரும்புக்காடு என்று அவரே கையை நீட்டிக் காட்டட்டும், செல்பேசியில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் களிமண் பிடித்தால் விடாது.